பழைய தழும்பில் புதிய வீக்கம்

வயிற்றில் எப்போதோ ஓர் ஆபரேஷன் நடந்திருக்கும். கர்ப்பப்பையை எடுத்திருப்பார்கள். அல்லது குடல்வால் வெடித்தோ, அல்சர் ஓட்டை விழுந்தோ, ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்திருப்பார்கள். தையல் பிரித்து, புண் ஆறி, தழும்பும் வெளுத்துப்போன பிறகு ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்படும்: தழும்பை ஒட்டி மெத்தென்று ஒரு புடைப்பு. படுத்தால் காணாமல் போகும், எழுந்தால் வந்து நிற்கும், இருமினால் துள்ளும். பலர் இதைக் கொழுப்புக் கட்டி என்றோ வாயு என்றோ நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். டாக்டர்கள் இதை இன்சிஷனல் ஹெர்னியா என்பார்கள். பழைய கீறலின் வழியாக வரும் குடலிறக்கம் இது.

இது அரிய நோயல்ல. நடுவயிற்றில் செங்குத்தாகக் கீறித் திறந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டிவிடும். பத்து வருஷம் கழித்து வருவதும் உண்டு. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அடிவயிற்றில் குறுக்கே போடும் சிசேரியன் கீறலில் ஹெர்னியா குறைவு. தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கும் கீறல்தான் தொல்லை தருவது. லேப்ராஸ்கோபி செய்தவர்களுக்கும் தொப்புளருகே குழாய் நுழைந்த துளையில் சில சமயம் வரும்.

ஏன் வருகிறது

தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றைத் தாங்குவது தோல் அல்ல. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், வெள்ளை வெளேரென்று பளபளக்கும் நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. நெஞ்சுக்கூட்டிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றனவே, அவற்றை நடுவில் இணைப்பது இந்தப் பட்டைதான். நடுக்கீறல் இதன் மேலேயே விழுகிறது. திரும்பத் தைத்த பிறகு இது வலுப்பெற மாதங்கள் ஆகும். எவ்வளவு நன்றாக ஆறினாலும் பழைய வலிமையில் 80 சதவீதத்துக்கு மேல் தேறாது.

அதன் மேல் விழும் அழுத்தத்தைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகில் சொன்னால், படுத்திருக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் 2 அளவில்தான் இருக்கும். எழுந்து நின்றால் 20. ஓங்கி ஓர் இருமல் இருமினால் 100-ஐத் தாண்டும். ஆபரேஷன் முடிந்து வார்டில் விடிய விடிய இருமிக்கொண்டிருப்பவரின் தையல் என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் முதல் பழி குடத்தின் மேல்தான் விழும். "சொன்னேனே, கேட்டியா? குடத்தைத் தூக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார். குடம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அது அல்ல. முந்தைய ஆபரேஷனில் புண் சீழ் வைத்ததா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சீழ் வைத்த இடத்தில் தையல் பிடிக்காது. அடுத்து, உடல் பருமன், புகை, கட்டுப்படாத சர்க்கரை, நாள்பட்ட இருமல், முக்கிப் போகும் மலச்சிக்கல், வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் அடைப்பு, ஸ்டீராய்டு மாத்திரை, ரத்தத்தில் புரதக் குறைவு. அவசர ஆபரேஷன் என்பதே ஒரு காரணம்தான். தயார்படுத்த நேரம் இல்லாமல், அழுக்கான வயிற்றை மூடியிருப்பார்கள்.

தைத்த விதத்துக்கும் பங்கு உண்டு. நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நார்ப்பட்டையை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிய தையலாகப் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஒரே ஆண்டில் ஹெர்னியா வந்தது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கிப் போட்டவர்களுக்கு 13 சதவீதம். அதற்கு ஆன கூடுதல் நேரம் சில நிமிடங்களே. ஆகவே, குடம் தூக்கிய பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

டாக்டர் எப்படிப் பார்ப்பார்

முதலில் நிற்கவைத்துப் பார்ப்பார். பிறகு படுக்கவைத்து, "கையை ஊன்றாம, தலையை மட்டும் தூக்குங்கம்மா" என்பார். தலை எழும்போது அந்த இரண்டு நீளத் தசைகளும் விறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நடுவே, நார்ப்பட்டை விட்டுக்கொடுத்த ஓட்டையின் விளிம்பு வளையம்போல விரலுக்குப் பிடிபடும். அதற்குள் எத்தனை விரல் நுழைகிறது, உள்ளே போன குடல் களகளவென்று சத்தமிட்டுத் திரும்புகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, மேலே உள்ள தோல் மெலிந்து பளபளக்கிறதா என்று பார்ப்பார். தழும்பு முழுவதையும் தடவிப் பார்ப்பதும் முக்கியம். பெரிய ஓட்டைக்கு மேலும் கீழும் சின்னச் சின்ன ஓட்டைகள் ஒளிந்திருக்கும். ஒன்றை மட்டும் அடைத்தால் பக்கத்தில் இருப்பது அடுத்த வருஷம் வெளியே வரும்.

சின்ன ஓட்டைக்கு விரலே போதும். கொஞ்சம் பெரிது என்றாலோ, பருமனான உடம்பு என்றாலோ, ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்து திரும்ப வந்தது என்றாலோ சிடி ஸ்கேன் எடுப்பது நல்லது. ஓட்டையின் அகலம்தான் பாதி முடிவுகளை எடுக்கும். 4 செ.மீ.க்குக் கீழ், 4 முதல் 10 வரை, 10-க்கு மேல் என்று மூன்று வகையாகப் பிரிப்பது ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் முறை. உலகெங்கும் டாக்டர்கள் இந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள். உங்கள் ஓட்டை எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன ஆபரேஷன், எதற்காக, புண் சீழ் வைத்ததா, வயிற்றுச் சுவரைத் தாங்க வலை (மெஷ்) ஏதும் வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். "பத்து வருஷம் ஆச்சு சார், பேப்பரெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு" என்பதுதான் வழக்கமான பதில். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் கேட்டால் சில சமயம் நகல் கிடைக்கும். ஒரு நடை போய்க் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

எப்போது ஓட வேண்டும்

புடைப்பு படுத்தாலும் உள்ளே போகவில்லை, கல்போல இறுகிவிட்டது, தொட்டாலே வலிக்கிறது, மேலே தோல் சிவந்து கறுக்கிறது, வாந்தி, வயிறு உப்பல், காற்றும் மலமும் பிரியவில்லை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றால் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். விடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவது, அழுத்தி உள்ளே தள்ளுவது, பேதி மருந்து, எனிமா எல்லாம் கூடாது. வாயில் தண்ணீர்கூட வேண்டாம்.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஓட்டை தானாக மூடாது, மாத்திரையாலும் மூடாது. ஆனால் நாளையே மேஜையில் ஏற வேண்டும் என்ற அவசரமும் இல்லை. வயிற்றுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டால் நடக்கவும் வேலை செய்யவும் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பெல்ட் போட்டால் ஹெர்னியா குணமாகும் என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமுள்ள பெண்கள், தொல்லை அதிகமில்லை என்றால், கடைசிப் பிரசவம் முடியும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அடுத்த கர்ப்பம் சரிசெய்த சுவரைத் திரும்ப இழுக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். லேப்ராஸ்கோபியா ஓப்பனா, எந்தக் கம்பெனி வலை என்று நோயாளிகள் மணிக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அந்தத் தேர்வுகளுக்குச் சமமாக, சிலருக்கு அவற்றைவிட அதிகமாகவே, பலனைத் தீர்மானிப்பது ஆபரேஷனுக்கு முன் அவர்கள் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்பதுதான்.

"மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா. அதுக்குள்ள சர்க்கரையக் கட்டுக்குள்ள கொண்டாங்க, எட்டுப் பத்துக் கிலோ எடையக் குறைங்க."

"அதுக்குள்ள இது பெரிசாயிடாதா சார்? பக்கத்துத் தெருவுல ஒரு டாக்டர் இந்த வாரமே பண்ணிடலாம்னாரு."

"பண்ணிடலாம். திரும்பி வந்தா அடுத்த தடவை இதைவிடக் கஷ்டம்."

இந்த டாக்டர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இந்த ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவுகளைத் திரட்டி 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல்முறை சரிசெய்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் தேவைப்பட்டவர்கள் 24 சதவீதம். மூன்றாவதுக்குப் பிறகு 35. ஒவ்வொரு முறையும் ஓட்டை அகலமாகிறது, தசை பக்கவாட்டில் சுருங்குகிறது, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பிரிக்கும்போது குடலில் கீறல் விழும் அபாயம் கூடுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல வாய்ப்பு முதல் ரிப்பேர்தான். அதைப் பாதித் தயாரிப்போடு செலவழிப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. "இந்த வாரமே" என்று அவசரப்படுத்துபவரிடம், சிக்கிய அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

புகை. பீடியோ சிகரெட்டோ, குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் அடியோடு நிறுத்த வேண்டும். குறைத்துக்கொண்டேன் என்பது கணக்கில் வராது. நிகோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது, புண்ணுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும், உதட்டுக்குள் அடக்கும் பாக்கெட்டிலும் அதே நிகோட்டின்தான். கேட்டால் "நான் பீடி சிகரெட்டைத் தொடுறதே இல்லை" என்று சொல்லிவிட்டு வாயில் அடக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

சர்க்கரை. ஒரு நாள் காலையில் பார்த்த அளவு போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். அது 8-ஐத் தாண்டியிருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைப் பெரும்பாலான சர்ஜன்கள் தள்ளிவைப்பார்கள். எடையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்தால்தான் வெளியே வந்த குடல் திரும்பிப் போக இடம் கிடைக்கும். மிகவும் பருமனானவர்களுக்கு எடை குறைக்கும் ஆபரேஷனையே முதலில் யோசிக்கச் சொல்வதும் உண்டு.

நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு இருந்தால் நுரையீரல் டாக்டரைப் பார்த்து அடக்கிவிட்டு வாருங்கள். சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தால் புரோஸ்டேட்டுக்கு முதலில் வைத்தியம். மலச்சிக்கலுக்கும் அப்படியே. ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து. இன்னொன்றைப் பலரும் கூச்சத்தால் சொல்வதில்லை. தொங்கும் வயிற்றின் மடிப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், வியர்வையால் படர்தாமரை அரிப்பும் புண்ணும் இருக்கும். அதை ஆற்றாமல் அதே தோலைக் கீறி உள்ளே வலையை வைப்பது ஆபத்து. காட்டுங்கள், களிம்பில் போய்விடும்.

சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். முட்டை, மீன், கோழி, சைவமென்றால் சுண்டல், பயறு, தயிர். இது ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர வேண்டும். அதை வைத்து வீட்டில் நடக்கும் பத்தியச் சண்டைக்குப் பின்னால் வருகிறேன்.

தையலா, வலையா

ஓட்டையின் இரண்டு விளிம்பையும் இழுத்துத் தைத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. பல காலம் அப்படித்தான் செய்தார்கள். நைந்துபோன வேட்டியை இழுத்துத் தைத்தால் தையல் நிற்கும், அதை ஒட்டிய துணி கிழியும். அதேதான் இங்கும் நடந்தது. நெதர்லாந்தில் தையல் மட்டும் போட்டவர்களையும் வலை வைத்தவர்களையும் ஒப்பிட்டு 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல்முறை ஹெர்னியா சரிசெய்தவர்களில் மூன்றாண்டில் தையலில் 43 சதவீதமும் வலையில் 24 சதவீதமும் திரும்ப வந்தன. அதே நோயாளிகளைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கில் இது 63, 32 ஆனது. தையலைவிட வலை நல்லது என்பது இதில் தெளிவு. வலை வைத்தாலும் மூன்றில் ஒருவருக்குத் திரும்பியது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. "வலை வெச்சாச்சு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் காலத்தைவிட இன்றைய முறைகள் மேம்பட்டிருக்கின்றன, ஆனாலும் பூஜ்யம் என்று எவரும் உறுதி தர முடியாது.

அமெரிக்க சர்ஜன் பிரான்சிஸ் அஷர் 1950-களின் கடைசியில் செயற்கை இழை வலையைக் கொண்டுவந்தார். இன்று அதிகம் பயன்படுவது பாலிபுரோப்பிலீன். கையில் எடுத்துப் பார்த்தால் கொசுவலைத் துண்டு மாதிரிதான் இருக்கும். அதன் கண்களுக்குள் உடம்பின் நார்த்திசு வளர்ந்து புகுந்து வலையும் சுவரும் ஒன்றாகிவிடும். அதனால்தான் பிறகு அதை எடுக்க வேண்டியதில்லை, எடுப்பதும் எளிதல்ல. வலை உலோகமல்ல, பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கத் தடையில்லை.

வலையை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான விஷயம். நார்ப்பட்டைக்கு மேலே, கொழுப்புக்கு அடியில் வைப்பது எளிது. ஆனால் தோலைப் பெரிதாகப் பிரிக்க வேண்டும், நீர் கோக்கும், புண் சீழ் வைத்தால் வலையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஓட்டையின் விளிம்புகளை மூடாமல், நடுவில் வலையை மட்டும் பாலம்போட்டு நிறுத்துவது கடைசி வழி, வேறு கதியில்லாதபோதுதான்.

எனக்குப் பிடித்தது, பெரும்பாலான சர்ஜன்களுக்கும் பிடித்தது, நீளத் தசைக்குப் பின்னால் வைப்பது. பிரான்ஸ் நாட்டு சர்ஜன்கள் ரீவ்ஸ், ஸ்டோப்பா இருவரின் பெயரால் வழங்கும் முறை இது. பழைய தழும்பை நீக்கி, ஹெர்னியாப் பையைத் திறந்து, ஒட்டிய குடலைப் பொறுமையாகப் பிரித்து உள்ளே விடுவார்கள். அதிக நேரம் பிடிப்பதும் பயம் நிறைந்ததும் இந்தக் கட்டம்தான். பிறகு நீளத் தசையின் உறையை உள்விளிம்பில் கீறினால், சிவந்த தசையும் அதன் பின்னால் ஒரு வெண்ணிற உறையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் விரலை விட்டால் பெரும்பாலும் ரத்தமில்லாமலே பிரிந்துகொடுக்கும். பக்கவாட்டு விளிம்பில் தசைக்குப் போகும் நரம்புகள் மெல்லிய நூல்களாக நுழையும் இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், அவற்றை அறுத்தால் தசை செத்துப்போகும். பின்னுறையை நடுவில் சேர்த்துத் தைத்துக் குடலை மறைத்து, அதன் மேல் வலையை விரித்து, அதற்கு மேல் தசைகளை இழுத்து மூடுவார்கள். வலை குடலைத் தொடுவதில்லை, தோலையும் தொடுவதில்லை. உள்ளிருந்து வரும் அழுத்தமே அதைத் தசையோடு அணைத்துப் பிடிக்கும். இருமலையும் கூட்டாளியாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் இது.

லேப்ராஸ்கோபியில் வழக்கமாக வயிற்றுக்குள்ளிருந்தே ஓட்டையை மூடி, எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. தாண்டிப் பரவும்படி வலையைப் பதிப்பார்கள். 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. கீறல் சின்னது, புண் சீழ் வைப்பது குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் வலை குடலைப் பார்த்து இருப்பதால், குடல் ஒட்டாதபடி ஒரு பக்கம் பூச்சுள்ள விலையுயர்ந்த வலை தேவை. பதிக்கும் ஆணிகளால் சிலருக்கு நாள்பட்ட வலியும் வரும். இப்போது குழாய்வழியாகவே தசைக்குப் பின்னால் போய்ச் சாதாரண வலையை வைக்கும் முறையும் நம் ஊர்களில் பரவிவருகிறது. நல்ல முறைதான், கை பழகிய சர்ஜன் வேண்டும். ரோபோ உதவியோடு ஆபரேஷன் செய்யக் கூடுதல் லட்சம் கேட்டால், எனக்கு அதனால் என்ன கூடுதல் நன்மை என்று நேராகக் கேளுங்கள். சின்ன, நடுத்தர ஓட்டைகளுக்கு அந்தச் செலவை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஓட்டை 10 செ.மீ.க்கு மேல் போனால் கதை வேறு. விளிம்புகள் சேராது. 1990-இல் ரமிரெஸ் என்ற சர்ஜன், பக்கவாட்டுத் தசைகளில் வெளியடுக்கைப் பிரித்துத் தளர்த்தினால் இடுப்பு மட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. வரை நடுவே நகர்த்தலாம் என்று காட்டினார். 2012-இல் நோவிட்ஸ்கி குழு உள்ளடுக்கைப் பிரிக்கும் முறையை வெளியிட்டது. தோலை அவ்வளவு உரிக்க வேண்டியதில்லை என்பதால் இன்று பலரும் அதை விரும்புகிறார்கள். முகச்சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசியைச் சுமார் நான்கு வாரத்துக்கு முன்பே பக்கவாட்டுத் தசைகளில் போட்டு அவற்றைத் தளர்த்திவைப்பதும் உண்டு. இவ்வளவு பெரிய வேலைக்கு ஊருக்குப் பக்கம், தெரிந்த நர்ஸிங்ஹோம் என்று பார்க்காதீர்கள். இதை அடிக்கடி செய்பவர்களிடம், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் செய்துகொள்ளுங்கள். வெளியே வருஷக்கணக்கில் கிடந்த குடலை ஒரே நாளில் உள்ளே அடைத்தால் மூச்சுவிடவே திணறலாம்.

கையெழுத்துப் போடும் முன்

இந்த ஹெர்னியா ஆபரேஷன் நீங்கள் அடிக்கடி செய்வதா? என் வலையை எந்த அடுக்கில் வைப்பீர்கள்? ஓட்டையை மூடிவிட்டு வைப்பீர்களா? குடலில் காயம் பட்டால் அன்றைக்கு வலை வைப்பீர்களா, தள்ளிவைப்பீர்களா? இந்த நான்கையும் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் பதிலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குடல் கிழிந்து அசுத்தமானால் சாதாரண வலையைத் தவிர்த்து, இன்னொரு நாள் வரச் சொல்வதே பல நேரம் பாதுகாப்பானது. எழுந்ததும் "வலை வைக்கலை" என்று கேட்டு அதிர்ச்சியடையாமல் இருக்க இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கேட்கலாம். முன் அனுமதி வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள். வலையின் விலை பேக்கேஜுக்குள் அடங்குமா, தனியே கேட்பார்களா என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மெஷ் பில் கையில் வரும்போதுதான் சண்டைகள் தொடங்குகின்றன.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள், சித்த மருந்து உட்பட. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் போடவும் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். கெட்டியான சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் வரை பொதுவாக ஆகும், உங்கள் மயக்க டாக்டர் சொல்வதே முடிவு.

பிறகு

அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்க வைப்பார்கள். கொடுமை என்று நினைக்காதீர்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். பக்கத்தில் குழாயும் பாட்டிலும் தொங்கினால், அதில் வரும் நீர் நாளுக்கு 30 மி.லி. அளவுக்குக் குறைந்ததும் எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு பழைய புடைப்பு இருந்த இடத்திலேயே திரும்ப ஒரு வீக்கம் வரும். ஹெர்னியா திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டு ஓடிவருவார்கள். பெரும்பாலும் அது நீர். பை இருந்த வெற்றிடத்தில் நீர் கோத்து, சில வாரங்களில் தானாக வற்றிவிடும். அவசரப்பட்டு ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு குத்தும் கிருமி நுழைய ஒரு வழி. ஆனால் காய்ச்சல், சிவந்து பரவும் தோல், சீழ், நிற்காத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

இனி அந்தப் பத்தியச் சண்டை. முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும், பருப்பு வாயு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அடுக்கி, ஆபரேஷன் செய்தவருக்கு ரசம்சோறும் ரொட்டியும் மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். புண்ணை ஒட்டவைப்பதே புரதம்தான். அன்போடு கொடுக்கும் இந்தப் பத்தியம் அந்தப் புரதத்தையே பறிக்கிறது. கத்தரிக்காயை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள், மாமியாருக்கும் ஒரு வெற்றி வேண்டும். முட்டையையும் பருப்பையும் தண்ணீரையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீரை, பழம், நார்ச்சத்து தினமும் வேண்டும். மலம் இறுகினால் தயங்காமல் இளக்கும் மருந்து கேளுங்கள். தரையில் குந்தும் கழிப்பறையில் சில வாரங்கள் சிரமமாக இருக்கும். மேலே வைக்கும் நாற்காலி மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும்.

எடை தூக்குவதில் நான்கு முதல் ஆறு வாரம் கட்டுப்பாடு, பெரிய ஹெர்னியா என்றால் இன்னும் நீளும். வீட்டுக் கணக்கில் சொன்னால், சமையல் கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, உருளையோடு அதைப்போல இரண்டு மடங்கு. குடிநீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அரிசி மூட்டை 25. நிறைகுடம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. இவை எதுவும் அந்த வாரங்களில் உங்கள் வேலையல்ல. நடப்பது, உட்கார்ந்து காய் நறுக்குவது, மெதுவாக மாடி ஏறுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். இருசக்கர வண்டியை வலியில்லாமல் சட்டென்று பிரேக் பிடிக்க முடியும் என்று தோன்றிய பிறகு எடுங்கள். தாம்பத்தியத்துக்கும் வலிதான் அளவுகோல். டாக்டர் சொன்ன காலம்வரை பெல்ட் போடலாம், படுக்கும்போது கழற்றிவிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு வேலை இருக்கிறது. வலை வந்த பெட்டியில் அதன் பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் சம்மரியிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஓட்டை எத்தனை செ.மீ., வலை எந்த அடுக்கில், எத்தனைக்கு எத்தனை அளவு, பொருத்த உலோக ஆணி பயன்படுத்தினார்களா என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மொபைலில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். நாளைக்குப் பித்தப்பைக் கல்லுக்கோ வேறு எதற்கோ அந்த வயிற்றைத் திறக்க நேர்ந்தால், அந்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.